மாடியில் ஓடிய சைக்கிள்

ஃபிராங்க்ளின் கிளம்பும்போது வீட்டுக்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. அவன் மனைவி ஜாஸ்லின் அரிசி டின்னை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவன் தங்கை ஸ்டெபி அரிசிக்கும் துணிமணிக்கும் முன்னால் தன் ரேஸ் சைக்கிளைத்தான் தூக்கிப் போய் மாடி அறையில் சாத்தியிருந்தாள். ஜாஸ்லின் அதைப் பார்த்தாள். அரிசி டின்னை அதன் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

தூத்துக்குடியில் அப்படியொரு மழையை அவர்கள் பார்த்ததில்லை. குளங்கள் உடைந்துவிட்டன. தாமிரபரணி கரை தாண்டி, ஆற்றோரத்து ஊர்களில் ஆட்கள் கூரைமேல் நிற்பதாகச் செய்தி வந்தது. அவர்களை மீட்க மீன்பிடித் துறைமுகத்தில் ஃபைபர் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தன் வள்ளமும் போகவேண்டும் என்று ஃபிராங்க்ளின் யாரும் கேட்காமலே முடிவு செய்திருந்தான். கூடப் போக ஆன்டனி வாசலில் தண்ணீருக்குள் நின்றான். சுவரை ஒட்டிய அடுத்த வீட்டுக்காரன். இருவரும் சேர்ந்துதான் கடலுக்குப் போவார்கள்.

"கடல்ல ஓட்டுறது வேற, ஆத்து வெள்ளம் வேற. ஆத்தப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள் ஜாஸ்லின். அவள் ஆற்றுப் பக்கத்து ஊரான நாசரேத்துக்காரி. ஆறு புரண்டால் என்ன ஆகும் என்று கேட்டு வளர்ந்தவள்.

"சாயங்காலம் வந்துருவோம்" என்றான் ஃபிராங்க்ளின்.

"மதினி, ராத்திரிக்கு மீனு இல்ல. முட்டையாவது பொரிச்சு வைங்க" என்று ஆன்டனி வெளியிலிருந்து கத்தினான்.

படியில் நின்ற ஸ்டெபியை ஃபிராங்க்ளின் திரும்பிப் பார்த்தான். "ஏளா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காத. வந்ததும் ஒனக்கு ரோலர் செஞ்சு தாரேன்."

ரோலர் என்பதை அண்ணனும் தங்கையும் போனில்தான் பார்த்திருந்தார்கள். ஒரு சட்டத்தில் மூன்று உருளைகள். பின்சக்கரம் இரண்டு உருளைகளுக்கு நடுவே உட்காரும், முன்சக்கரம் ஒன்றின்மேல் நிற்கும். மிதித்தால் சக்கரம் சுழலும், உருளைகள் சுழலும், சைக்கிள் இருந்த இடத்திலேயே ஓடும். பிடிமானம் எதுவும் கிடையாது. ரோட்டில் போவதுபோல நிதானம் பிடித்துத்தான் ஓட்டவேண்டும்.

சாயங்காலம் வந்தது. அவர்கள் வரவில்லை. இருட்டுவதற்குள் கீழ்வீட்டில் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு ஏறியது. கரண்ட் ஏற்கெனவே போயிருந்தது. போனில் டவர் இல்லை.

மறுநாளும் வரவில்லை. ஜாஸ்லின் மாடிச் சுவரோரம் நின்று தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனது. அடுத்த மாடியில் ஆன்டனியின் அம்மா அல்போன்சா ஜெபமாலையை உருட்டியபடி அதே முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெபியை வாட்டியது அண்ணனைப் பற்றிய பயம் மட்டுமல்ல என்பது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஜனவரி தொடக்கத்தில் சென்னையில் ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வு. சைக்கிள் பந்தயத்தில் பெண்களுக்கு இரண்டே இடம். இந்தத் தடவை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் அவளைப் பத்தாம் வகுப்பிலிருந்து சைக்கிள் ஓட்டவிட்டவன் ஃபிராங்க்ளின். அவள் டைபாய்டு காய்ச்சலில் படுத்து எழுந்து, துறைமுகச் சாலையில் மறுபடி ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இப்போது சாலையே இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அண்ணனின் டூல்ஸ் பெட்டியைத் திறந்தாள். அவன் படகு இன்ஜினும் பழுது பார்ப்பவன். பெட்டியில் ஆக்சா பிளேடு, கை டிரில், மரை வெட்டிய நீளக் கம்பிகள், நட்டுகள், துணியில் சுற்றிய பழைய பேரிங்குகள் எல்லாம் இருந்தன. உருளைக்குத்தான் எதுவும் இல்லை. எதிர்ச் சுவர்ப்பக்கம் போய்க் கூப்பிட்டாள்.

"மாடக்கண்ணு அண்ணாச்சி! நாலு இன்ச் பைப்பு இருக்கா?"

மறுபக்கத்து வீட்டு மாடக்கண்ணு பிளம்பர். கீழே நனையாமல் காப்பாற்றிய பைப்புகளை மாடியில் அடுக்கி வைத்திருந்தார். "இந்த வெள்ளத்துல பைப்பு எதுக்குளா?" என்று கேட்டாரே தவிர, பைப்பையும் அதன் வாயை மூடும் கேப்புகளையும் சுவருக்கு மேலாக நீட்டிவிட்டார்.

ஆக்சா பிளேடு பைப்பை அறுக்கும் சத்தம் கேட்டு ஜாஸ்லின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன செய்த?"

"ரோலர், மதினி."

ஜாஸ்லினுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் முகம் வெளுத்தது. "ஒங்க அண்ணன் இருக்காரா இல்லையான்னு தெரியல. நீ சைக்கிள் ஓட்ட சாமான் செய்தியா?"

"மதினி..."

"அன்னைக்கும் நீ சைக்கிளத்தான் மொதல்ல தூக்குன. ஒனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

ஸ்டெபி பிளேடைக் கீழே வைத்தாள். "நீங்க சுவத்துல நின்னு பாக்கீங்க. என்னால அப்படி நிக்க முடியல. நின்னா ஆத்துக்குள்ள அவன் மூஞ்சிதான் வருது. ஏதாவது அறுத்துக்கிட்டே இருந்தாத்தான் எனக்கு மூச்சு வருது, மதினி."

ஜாஸ்லின் திரும்பிப் போய்விட்டாள்.

ஸ்டெபி பைப்பை மூன்று துண்டாக அறுத்தாள். ஒவ்வொன்றின் இரு வாயிலும் கேப்பைப் போட்டு, நடுவில் துளையிட்டு, கம்பியை நுழைத்து நட்டால் முடுக்கினாள். உடைந்த கட்டிலின் நீளப் பலகைகள் இரண்டும் சட்டமாயின. பலகையில் பள்ளம் வெட்டி பேரிங்கை உட்கார வைத்து, தகரத்தை வளைத்து ஆணி அடித்தாள். பின் உருளையிலிருந்து முன் உருளைக்குச் சுழற்சியைக் கொண்டுபோக ஒரு பெல்ட் வேண்டும். பழைய டியூபை நீள வாராக வெட்டி, முனைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, வலை பொத்தும் நைலான் நூலால் தைத்தாள். பெல்ட் விலகாமலிருக்க உருளையின் ஓரத்தில் கயிற்றை இறுக்கிச் சுற்றி இருபுறமும் வரம்பு கட்டினாள். விரல்களில் ரத்தம் கட்டியது. வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது.

அடுத்த நாள் காலையில் சைக்கிளை அதன்மேல் தூக்கி வைத்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மிதித்தாள். சக்கரம் வேகம் பிடிக்கப் பிடிக்க முன் உருளை குதித்தது. ஹேண்டில்பார் உதறியது. பிடியை விட்டதும் முன்சக்கரம் வழுக்கி, சைக்கிளோடு சிமெண்டுத் தரையில் போய் விழுந்தாள்.

முழங்கை கிழிந்திருந்தது. எழுந்து சட்டத்தைச் சரிசெய்து மறுபடியும் ஏறினாள். மறுபடியும் விழுந்தாள். மூன்றாவது தடவை விழுந்தபோது எழவில்லை. தரையில் கிடந்தபடியே சட்டத்தை எட்டி உதைத்தாள். "இதுகூட முடியல, இதுகூட முடியல" என்று சொல்லி அழுதாள்.

ஜாஸ்லின் வந்தாள். நைந்த துண்டால் அவள் முழங்கையைத் துடைத்துக் கட்டினாள். அவள் கண்கள் உருளையின் கேப்பிலேயே இருந்தன.

"இந்த ஓட்டையை எப்படிப் போட்ட?"

"கண்ணால பாத்துத்தான்."

"நடுவுல இல்ல. அதான் குதிக்கு." ஜாஸ்லின் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தன் கைப்பையிலிருந்து பென்சிலும் ஸ்கேலும் எடுத்தாள். "வட்டத்துல ரெண்டு நாண் வரை. ரெண்டோட மையக்குத்துக்கோடும் எங்கன வெட்டுதோ அதான் மையம். எட்டாம் கிளாஸ்ல படிச்சதுதானே?"

"எட்டாம் கிளாஸ்ல நான் சைக்கிள் டயர மட்டுந்தான் பாத்தேன்."

ஜாஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன்பின் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மாடக்கண்ணுவிடம் புது கேப்புகள் வாங்கினார்கள். ஜாஸ்லின் மையம் குறித்தாள், ஸ்டெபி துளையிட்டாள். பிறகு உருளையைச் சுழலவிட்டு ஜாஸ்லின் ஒரு சாக்பீஸை அதன் பக்கத்தில் அசையாமல் பிடித்தாள். மேடான இடத்தில் மட்டும் வெள்ளை விழுந்தது. எந்தப் பக்கம் தூக்கி நிற்கிறது என்று தெரிந்தது. நட்டைத் தளர்த்தி, தட்டி, திருப்பி முடுக்கினார்கள். வெள்ளை சுற்றிவர விழும்வரை விடவில்லை.

மத்தியானத்துக்கு முன்பே ஸ்டெபி ஏறினாள். ஜாஸ்லின் அவள் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"விட்டுராதீங்க."

"விடல. மிதி."

உருளைகள் முனகி, பின் உறுமின. அறை முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. தளம் அதிர்ந்து, கீழ்வீட்டுத் தண்ணீரில் அலை அடித்தது. ஸ்டெபி எதிர்ச்சுவரில் ஒரு காரைக்கீறலைப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். ஜாஸ்லின் எப்போது கையை எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கால் சூடேறியது, மூச்சு சீரானது, உடம்பு பழைய பழக்கத்துக்குள் போய் விழுந்தது. வியர்வை கண்ணில் இறங்கியபோதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் அண்ணனை நினைக்கவேயில்லை. சட்டென்று மிதிப்பதை நிறுத்தினாள். கதவு நிலையைப் பிடித்தபடி நின்று விம்மினாள். ஜாஸ்லின் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் கீழே மாடக்கண்ணுவின் குரல் கேட்டது. அவர் பைப்புகளைக் கட்டி ஒரு மிதவை செய்து, மாதா கோவில் பக்கம் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலங்களை வாங்கி வந்திருந்தார். பொட்டலத்தை மேலே நீட்டினார். கையை உடனே எடுக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி?" என்றாள் ஜாஸ்லின்.

"அங்கன பேசிக்கிடுதாங்க. முக்காணி ஆத்துப் பக்கம் நம்ம ஊர் வள்ளம் ஒண்ணு கவுந்துட்டாம். யாருதுன்னு ஒருத்தருக்கும் சரியாத் தெரியல."

"ஆளு?"

"ஒருத்தன் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல கிடக்கானாம். ஒருத்தன..." அவர் அடுத்த மாடியை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "காணோமாம்."

ஜாஸ்லின் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கப் போனாள். ஸ்டெபி இடுப்பைப் பிடித்து இழுத்தாள். "எங்க போறீங்க? பஸ்ஸு இல்ல, வண்டி இல்ல, நடந்து எப்பப் போய்ச் சேருவீங்க?" ஜாஸ்லின் திமிறினாள். பிறகு நின்றாள். மாடி அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ போ" என்றாள். "அதுல போனா நீ போயிருவலா?"

மெல்லிய டயர். உடைந்த ரோட்டில் அது என்ன ஆகும் என்று ஸ்டெபிக்குத் தெரியும். தேர்வுக்குப் போக வேறு சக்கரம் அவளிடம் கிடையாது. உருளைகள் மேலிருந்து சைக்கிளை எடுத்து, தலைக்குமேல் தூக்கி, நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்தாள். மாடக்கண்ணு முன்னால் கழியை ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டே போனார். மேட்டு ரோடு வந்ததும் ஏறி மிதித்தாள்.

முக்காணிக்குப் போகும் திருச்செந்தூர் ரோட்டில் இருபக்கமும் உப்பளம் கடலாகக் கிடந்தது. பாத்தியும் வரப்பும் தெரியவில்லை. கீற்றால் மூடி வைத்திருந்த உப்புக் குவியல்கள் கரைந்து கீற்று மட்டும் மிதந்தது. செத்த ஆடுகள் ரோட்டோரம் ஒதுங்கியிருந்தன. தண்ணீர் அறுத்துக்கொண்டு போன இடங்களில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்து ஆட்கள் கடக்கும் இடத்தில் அவளும் கடந்தாள். ஓரிடத்தில் கால் வழுக்கி விழுந்ததில் முன்சக்கரம் கல்லில் மோதி வளைந்தது. முன் பிரேக்கைக் கழற்றிவிட்டு, சக்கரம் நெளிய நெளிய ஓட்டினாள். பழையகாயல் தாண்டியபோது வேகம் குறைந்தது. போய்ச் சேர்ந்தால் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் கால்தான் தயங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஃபிராங்க்ளின் பெஞ்சின்மேல் கிடந்தான். வலது முழங்கால் வீங்கி, இரண்டு கட்டைகளை வைத்துக் கட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழ முயன்றான்.

"எப்படி வந்த?"

அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

"ஆன்டனி கை நழுவிட்டான், ஸ்டெபி" என்றான் அவன். "வள்ளம் கரண்ட் போஸ்ட்டுல மோதிக் கவுந்துட்டு. நான் ஒரு கையால போஸ்ட்டப் பிடிச்சிருந்தேன், ஒரு கையில அவன். நழுவிட்டான்." பெஞ்சில் சரிந்தான். கொஞ்ச நேரங்கழித்து, "அல்போன்சா மாமிகிட்ட நீ சொல்லாத. நாந்தான் சொல்லணும்" என்றான்.

இருட்டுமுன் வீட்டில் சொல்லியாக வேண்டும் என்று அவள் உடனே திரும்பினாள். தெருவில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. அவள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட அல்போன்சா மாடியிலிருந்து இறங்கித் தண்ணீருக்குள் வந்து நின்றாள்.

"ஒங்க அண்ணன் இருக்கானா?"

"இருக்கான், மாமி."

"மாதாவே." அல்போன்சா கையைக் கூப்பினாள். "அப்ப எம்மவன்?"

ஸ்டெபி வாயைத் திறந்தாள். தேடுகிறார்கள் என்று சொன்னால் பொய்யாகாது. ஆனால் அந்தச் சொல் வரவில்லை. அல்போன்சா அவள் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே தண்ணீருக்குள் உட்காரப் போனாள். ஸ்டெபி சைக்கிளை விட்டுவிட்டு அவளை அள்ளிப் பிடித்தாள். மாடியிலிருந்து ஜாஸ்லின் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தாள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்ற சேதியை அவள் அந்த நிலையில்தான், அடுத்தவள் அழுகைக்கு நடுவில்தான் கேட்டாள்.

தண்ணீர் வடிந்தபிறகு ஆன்டனி கிடைத்தான். கல்லறைத் தோட்டத்துக்கு ஃபிராங்க்ளினை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அல்போன்சா அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் சொல்ல வேண்டியிருந்ததை அவள் கேட்கவுமில்லை.

ஸ்டெபி வளைந்த சக்கரத்தைக் கம்பி கம்பியாக முடுக்கி ஓரளவு நேராக்கினாள். ரோடுகள் இன்னும் சேறும் பள்ளமுமாகக் கிடந்தன. ரோலரில் ஏறினாள். உறுமல் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டு நினைப்பு வந்து இறங்கிவிட்டாள். இழவு வீட்டுச் சுவரை ஒட்டி இந்தச் சத்தத்தைப் போட முடியுமா? மறுநாளும் ஏறினாள், உடனே இறங்கினாள்.

"போவட்டும் மதினி. நான் போகல" என்றாள். "அண்ணன் கட்டில்ல கிடக்கான். நான் வேலைக்குப் போய் என்ன செய்ய?"

ஜாஸ்லின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை.

அன்று பின்னேரம் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அல்போன்சா. கூடத்தில் கட்டிலில் கிடந்த ஃபிராங்க்ளினைத் தாண்டி, அவனைப் பார்க்காமல், மேலே ஏறி வந்திருந்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்று ஸ்டெபியிடம் கேட்டாள்.

"ஒங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு..."

"வீட்டுக்குள்ள ஒரு சத்தம் இல்ல. என் மூச்சு எனக்கே கேக்கு. நேத்து இது ஓடுனப்ப கொஞ்சம் கண்ணசந்தேன்." சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். "ஓட்டு."

ஸ்டெபி ஓட்டினாள். கண்ணீரும் வியர்வையும் ஹேண்டில்பாரில் சொட்டின. அல்போன்சா சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அதிலிருந்து தினமும் வந்தாள். தினமும் ஃபிராங்க்ளினைப் பார்க்காமலே தாண்டிப் போனாள். பெல்ட் இரண்டு தடவை அறுந்தது. இரண்டாவது தடவை அதை அல்போன்சாவே வாங்கித் தைத்துக் கொடுத்தாள்.

ஜனவரியில் சென்னைத் தேர்வில் அந்த நெளிந்த சக்கரத்தைப் பார்த்துவிட்டு, போட்டிக்கு வந்திருந்த விளாத்திகுளத்துப் பெண் இசக்கிசெல்வி தன்னுடைய உபரிச் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். தன் ஓட்டம் ஸ்டெபிக்குச் சரியாக நினைவில்லை. கடைசித் திருப்பத்தில் கால்கள் தன்னுடையவையாக இல்லை, வாந்தி வந்தது என்பது மட்டும் நினைவிருந்தது. பலகையில் எழுதிய பெயர்களில் அவள் இரண்டாவதாக இருந்தாள். அடுத்ததாக, தேர்வானவர்களைப் பிரித்த கோட்டுக்கு வெளியே, இசக்கிசெல்வியின் பெயர் இருந்தது. ஸ்டெபி சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தப் பெண் கையைப் பற்றி வாழ்த்திவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

ஊருக்கு வந்து இறங்கியவளுக்குச் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜாஸ்லின் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஃபிராங்க்ளின் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு அவள் தலையில் கை வைத்தான், பிறகு கட்டிலில் சாய்ந்தான். அவனுக்கு அந்தக் கால் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அல்போன்சா வந்தாள். கேள்விப்பட்டுவிட்டிருந்தாள். ஸ்டெபியின் கன்னத்தைத் தடவி, "நல்லாயிரு" என்றாள். வழக்கம்போல மேலே போகத் திரும்பினாள். மேலே இன்று ஓட்ட யாருமில்லை என்பது அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, முதல் படியில் காலை வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு கட்டிலருகே வந்து, கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள் ஃபிராங்க்ளினைப் பார்த்து.

அவன் எழுந்து உட்கார்ந்தான். "மாமி, நான் விடல. கையி..."

"அதக் கேக்கல. அது எனக்குத் தெரியும். அன்னைக்குக் காலையிலேர்ந்து சொல்லு. சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான். லாரியிலேயே வச்சு, யாரோ குடுத்த பன்னு. எனக்குப் பாதி தந்தான்."

"அப்புறம்?"

"மொத வீட்டுல ஒரு பொம்பள, ஆடு இல்லாம ஏறமாட்டேன்னுட்டா. இடம் இல்லன்னு நான் சத்தம் போட்டேன். அவன் ஆட்டத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டான். அது அவன் சட்டையெல்லாம் அசிங்கம் பண்ணிட்டு. சிரிச்சுக்கிட்டே நின்னான், மாமி."

அல்போன்சா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "எந்தச் சட்டை?" என்று கேட்டாள்.

"நீலச் சட்டை."

"ம். மேல சொல்லு."

ஃபிராங்க்ளின் சொன்னான். ஸ்டெபியும் ஜாஸ்லினும் படியில் ஒட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.